டிக்கோயாத் தொகுப்பு, இலக்கம் 214

தேநீரை அந்த ஜன்னல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள், ஐயா. கோப்புக்குப் பக்கத்தில் ஈரமான எதையும் வைக்கக் கூடாது. இன்னொன்று, குறை சொல்வதாக நினைக்காதீர்கள், உங்கள் பேனா கசிகிறது. பென்சிலால் எழுதினால் நல்லது. மட்டமான மை கொஞ்ச வருடத்தில் காகிதத்தையே தின்றுவிடும். புகாரை விசாரிக்க வந்த உங்களிடம் நான் சொல்லப்போவது அதற்கு மேலும் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை.

என் பெயர் செல்லசாமி. இந்தப் பல்கலைக்கழக நூலகத்தில் விசேட சேகரிப்புப் பிரிவுக்குப் பதினைந்து வருடமாகப் பொறுப்பாளர். பிறந்தது டிக்கோயாப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே கணக்கப்பிள்ளை. அதாவது, நாங்கள் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்துக் காம்பராவில் இருந்தவர்கள் அல்ல. லயத்துக்கு மேலே தனி வீடு. லயத்து ஆட்கள் காகிதத்தை என்ன பாடு படுத்துவார்கள் என்பதை மேலேயிருந்து பார்த்து வளர்ந்தவன் நான். தகரம் ஒழுகும், அடுப்புப் புகையும், ஆடு வேறு உள்ளே வரும். ஒரு வீட்டில் கல்யாணப் பதிவைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவைத்து, பூசை தோறும் அதற்கும் சேர்த்துச் சந்தனம் குங்குமம் வைத்து வந்தார்கள். கடைசியில் மாப்பிள்ளையின் பெயர் இருந்த இடத்தில் பெரிய பொட்டு ஒன்றுதான் மிச்சம்.

இந்தச் சீரழிவுக்குப் பயந்து எங்கள் தோட்டத்து ஆட்கள் தங்கள் பத்திரங்களை ஹட்டன் கடைத்தெருவில் மீராசாஹிப்பிடம் கொடுத்துவைத்தார்கள். அவருடையது துணிக்கடை. பின்னறையில் ஓர் இரும்புப் பெட்டி இருந்தது. பிறப்புப் பத்திரம், கல்யாணப் பதிவு, பழைய தோட்டத்தில் கணக்கு முடித்துக் கொடுத்த துண்டுச் சீட்டு, எதுவானாலும் குடும்பத்துக்கு ஒரு துணி முடிச்சாகக் கட்டி அதற்குள் போட்டுவைப்பார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. மேல்மலைக்காரர்களுக்குச் சிவப்பு நூல், ஆற்றோரத்து லயங்களுக்குப் பச்சை. முடிச்சைத் தடவிப் பார்த்தே எந்த வீடு என்று சொல்லிவிடுவார். முப்பது வருடத்தில் ஒன்றுகூட மாறிப்போனதில்லை என்பார்கள். உள்ளதைச் சொன்னால், அந்த மனிதர்மேல் எனக்குக் கொஞ்சம் பொறாமை இருந்தது.

ஐம்பத்து மூன்றில் அவர் ஹஜ்ஜுக்குப் புறப்பட்டார். போகிறவர்கள் கடனை அடைத்து, அடுத்தவர் பொருளை உரியவர் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் கப்பலேற வேண்டும். அது அவர்கள் முறை. ஆனால் பெட்டியில் இருந்தது தொண்ணூற்றாறு குடும்பத்து முடிச்சு. அதில் பாதிப் பேர் வட்டகொடை, நோட்டன் பிரிட்ஜ் என்று தோட்டம் மாறிப்போயிருந்தார்கள். முழங்கால் வலியை வைத்துக்கொண்டு அவரால் மலை மலையாக ஏறி இறங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்து நான் போய் நின்றேன்.

"இது எண்ட பொருள் இல்ல மகன், அமானிதம்" என்றார், நம்பி ஒப்படைத்த பொருள் என்று அர்த்தம். "கேட்டு வாற ஆளுக்கு அந்த நிமிசமே எடுத்துக் குடுக்கோணும். ஒங்களுக்கு ஏலுமா?"

ஏலும் என்றேன். இரும்பு அலமாரி, பூச்சி உருண்டை, ஒழுகாத கூரை, எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். பிறகு எங்கள் நன்கொடைப் படிவத்தை நீட்டி, பெட்டியைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு இது என்றேன். நிபந்தனை எதுவுமின்றி என்றென்றைக்கும் நூலகத்துக்கே கொடுப்பதாக அதில் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. அவர் பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார். மக்காவிலேயே மௌத்தாகிவிட்டார் என்று இரண்டு மாதத்தில் தந்தி வந்தது. மனதில் பாரமில்லாமல் போய்ச் சேர்ந்தார். அதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்று நினைத்துக்கொள்வேன்.

அதுவரை என் பிரிவில் என்ன இருந்தது என்று கேளுங்கள். துரைமார் விட்டுப்போன பழைய பத்திரிகை மூன்று பெட்டி, யானை வேட்டையைப் பற்றிய புத்தகங்கள் சில, கால் உடைந்த பூகோள உருண்டை ஒன்று. நூலகர் மாதம் ஒருமுறை எட்டிப் பார்த்து, "செல்லசாமி, இதில் எது விசேடம்?" என்று கேட்டுவிட்டுப் போவார். மீராசாஹிப் பெட்டி வந்த பிறகு அவர் அப்படிக் கேட்கவில்லை. மொத்தம் நானூற்றுப் பதினேழு பத்திரங்கள். எட்டு மாதம் ஒவ்வொன்றாகத் துடைத்து, இலக்கமிட்டு, அட்டைப் பட்டியல் எழுதினேன். குங்குமத்தைக்கூட பாண் ரொட்டித் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தேன். மீராசாஹிப் போட்ட முடிச்சையே திரும்பவும் போட்டேன். வந்த வரிசையைக் குலைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. ஒன்றை உருவினால் மீதி நானூற்றுப் பதினாறும் ஊனமாகிவிடும். பலருக்கு இதை விளக்கிப் பார்த்தேன். லயத்து ஆட்களுக்கு விளங்கவில்லை.

அவர்களுக்கு வேறு கவலை. சுதந்திரம் வந்த கையோடு, தோட்டத்து ஆட்கள் இந்த நாட்டுக்காரர்கள் அல்ல என்று சட்டம் வந்தது உங்களுக்குத் தெரியும். பிரஜாவுரிமை வேண்டுமானால் விண்ணப்பம் போட்டு, இங்கேதான் இருந்தோம் என்பதைக் காகிதத்தில் காட்ட வேண்டும். ஐம்பத்தொன்றிலேயே எல்லோரும் விண்ணப்பம் போட்டுவிட்டார்கள். ஆனால் பலருக்கு விசாரணைக்கு அழைப்பு வர ஐந்தாறு வருடம் பிடித்தது. அழைப்பு வந்ததும் மீராசாஹிப் கடைக்கு ஓடினார்கள். கடையில் என்னைக் கைகாட்டினார்கள்.

முதலில் வந்தது பூரணி. கொழுந்தெடுக்கிறவள். அவள் புருஷன் அழகுமுத்து கவ்வாத்துக்காரன், தேயிலைச் செடி வெட்டுகிறவன். காலையிலேயே ரயிலேறி வந்து நின்றாள். கட்டியிருந்தது கல்யாணச் சேலையாக இருக்க வேண்டும், பெட்டியில் கிடந்த மடிப்பு அப்படியே தெரிந்தது.

"ஐயா, நம்ம மீராசாயிபு பொட்டி ஒங்ககிட்ட இருக்காமுங்களே. செவப்பு நூலு, ரெட்ட முடிச்சு. அதாங்க எங்களோடது."

இருக்கிறது என்றேன். அவள் குடும்பத்தினுடையவை 211 முதல் 216 வரை. அவளுடைய பிறப்புப் பத்திரம் 214. உண்மையிலேயே அழகான பத்திரம், ஐயா. 1921ஆம் வருடத்தது. பதிவாளரின் கையெழுத்து கொடி படர்ந்த மாதிரி இருக்கும். நான் மரியாதைக் குறைவாக எதுவும் செய்யவில்லை. உட்காரச் சொன்னேன். பத்திரத்தைப் பார்க்க வாசகர் அட்டை வேண்டும் என்று விளக்கி, அதற்கான படிவத்தை நானே நிரப்பினேன். எதைப் பற்றி ஆராய்ச்சி என்ற கேள்விக்கு அவள் விழித்தாள். 'பூரணி' என்று எழுதினேன். எல்லாம் ஒழுங்காக வந்தது. கடைசிக் கேள்வியில்தான் சிக்கல். விண்ணப்பிக்கிறவர் தன் பிறப்புப் பத்திரத்தை இணைக்க வேண்டும்.

"அது உள்ளாற இருக்குங்களே ஐயா."

"ஆமாம்மா. அதப் பாக்கத்தான் இந்த அட்டை."

அரை மணி நேரம் இரண்டு பேரும் அந்தப் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த விதியைப் போட்டது யார் என்று கேட்டீர்கள். நான்தான். பெட்டி வந்த மறுவாரம் எழுதினேன், நூலகர் வேறு காகிதங்களோடு சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். அடையாளம் தெரியாதவர்கள் உள்ளே வரக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பூரணியை எனக்கு அவள் பாவாடை கட்டிய வயதிலிருந்து தெரியும். அது வேறு விஷயம்.

பதிவாளர் கந்தோரில் நகல் வாங்கியிருக்கலாமே என்கிறீர்கள். போய்க் கேட்டாளாம். அந்த வருடத்துப் பதிவுப் புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார்கள். அதை அவள் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்படியானால் உலகத்திலேயே அந்தப் பிறப்புக்கு மிஞ்சியிருக்கும் ஒரே காகிதம் 214 தான். அன்று மாலையே அதை ஒரு தனி உறைக்குள் மாற்றினேன்.

அடுத்த ஒரு வருடத்தில் பூரணியோடு சேர்த்து நாற்பத்தொரு குடும்பத்திலிருந்து ஆள் வந்தது. எல்லோருக்கும் நானே படிவம் நிரப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் கேள்விப்பட்டு வராமலே இருந்துவிட்டார்கள். நிராகரித்த படிவங்கள் நாற்பத்தொன்றையும் தொகுப்பில் சேர்த்தேன். 418 முதல் 458 வரை.

ஐம்பத்தேழில் நூலகருக்கு ஓர் எண்ணம் வந்தது. நம்மிடம் உள்ள அரிய பொருட்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டலாம் என்றார். முதல் கண்காட்சிக்கு ஹட்டனைத் தேர்ந்தோம், ஒரு பள்ளிக்கூட மண்டபம் கிடைத்தது. 'மலைநாட்டு மக்களுக்கு மலைநாட்டு வரலாறு' என்று துணியில் நானே எழுதித் தொங்கவிட்டேன். திங்கள் முதல் வெள்ளி வரை என்று விவரப் பட்டியலும் அச்சாயிற்று. நடுவில், கண்ணாடிப் பெட்டிக்குள், 214.

பிரதம விருந்தினராக யாரை அழைப்பது என்று பார்த்தோம். பிரஜாவுரிமை விசாரணைக்காக வந்திருந்த அதிகாரி ஒருவர் மண்டபத்துக்கு நேர் எதிரே ஒரு மாடி வீட்டில் இருந்தார். அந்த வாரம் ஊரில் கோட்டுப் போட்டுக்கொண்டு நடந்தவர் அவர் ஒருவர்தான். வந்து நாடா வெட்டினார். 214க்கு முன்னால் நெடுநேரம் நின்றார். எவ்வளவு பழையது, எவ்வளவு சுத்தம் என்று வியந்தார். 'ஐயத்துக்குச் சிறிதும் இடமில்லாத பத்திரம்' என்று விருந்தினர் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். அந்தப் புத்தகம் உங்கள் வலது கைப்பக்கம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை பூரணி வந்தாள். டிக்கோயாவிலிருந்து தூறலில் நடந்தே வந்திருந்தாள். நேராகக் கண்ணாடிப் பெட்டியிடம் போய் நின்று, எழுத்துத் தெரியாவிட்டாலும் தன் பத்திரத்தை அடையாளம் கண்டுகொண்டாள்.

"ஐயா, இது நாந்தாங்க" என்றாள்.

"ஆமாம்மா. கண்ணாடியத் தொடாத."

"வெசாழக்கெழம எனக்கு விசாரணைங்க, இனித் தவண இல்லன்னுட்டாங்க. இந்தா, எதித்தாப்புலதான். ஒரு அஞ்சு நிமிசம் எடுத்துக் காட்டிட்டுக் கையோட கொண்டாந்து வச்சிர்றேன். நீங்களே எடுத்துக்கிட்டு வாங்க. நான் தொடக்கூட மாட்டேங்க."

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குக் கண்காட்சி முடியும், அதற்கு முன் எதையும் எடுக்க முடியாது என்று பொறுமையாகச் சொன்னேன். வியாழக்கிழமை யாராவது ஒருவர் அச்சடித்த பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வந்து, 214இன் இடம் வெறுமையாக இருப்பதைப் பார்த்தால் நூலகத்தைப் பற்றி என்ன நினைப்பார்? அப்படி யாராவது வந்தார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். வரவில்லை. வியாழக்கிழமை நல்ல மழை.

"அப்ப பொட்டியோட தூக்கிட்டுப் போலாங்களா?" என்று கேட்டாள். "எங்க லயத்து ஆளுக நாலு பேரு வாரோம்னாங்க."

நான் அதை உடனே தள்ளிவிடவில்லை. மறுநாள் காலை அழகுமுத்துவும் இன்னும் மூன்று பேரும் கயிற்றோடு வந்து அளந்து பார்த்தார்கள். நானும் ஒரு பக்கம் கயிற்றைப் பிடித்தேன். மண்டபத்துக்குள்ளேயே வைத்துப் பொருத்திய கண்ணாடிப் பெட்டி வாசலைவிட ஒரு சாண் அகலம். அவர்கள் பெட்டியையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். போகச் சொல்லிவிட்டேன்.

இனி நீங்கள் கையில் வைத்திருக்கும் குறிப்புக்கு வருகிறேன். அழகுமுத்து செவ்வாய்க்கிழமையே யாரையோ பிடித்து நூலகருக்குத் தந்தி அடித்திருக்கிறான். நூலகர் நல்ல மனிதர், அவரை இதில் இழுக்காதீர்கள். இரண்டே வரி எழுதி ஆள் மூலம் அனுப்பினார். 'அந்தப் பெண்ணின் பத்திரத்தைக் கொடுத்துவிடு. நீயும் கூடப் போ.' புதன்கிழமை காலை ஒன்பது மணிக்கே அது என் கைக்கு வந்துவிட்டது. கயிற்றைப் பிடித்து அளந்தபோது என் சட்டைப்பையில்தான் இருந்தது. அவசரத்தில் பென்சிலால் எழுதியது, முத்திரை இல்லை, தேதிகூட இல்லை. ஆனாலும் தொகுப்போடு தொடர்புடைய காகிதம். மாலையில் அதற்கு 459 என்று இலக்கமிட்டுக் கோப்பில் வைத்தேன்.

பூரணி சாயங்காலம் வந்து கேட்டாள். நூலகரிடமிருந்து பதில் வரவில்லை என்று சொன்னேன். அது பொய். இந்தப் பதினைந்து வருடத்தில் நான் சொன்ன ஒரே பொய்.

வியாழக்கிழமை விசாரணையில் நடந்ததை அழகுமுத்து பிறகு சொன்னான். பத்திரம் எங்கே என்று அதிகாரி கேட்டிருக்கிறார்.

"திங்கக்கெழம பாத்தீங்களேங்கய்யா, கண்ணாடிக்குள்ள" என்றாளாம் பூரணி.

பார்த்தது உண்மை, ஆனால் விருந்தாளியாகப் பார்த்தேன், இங்கே யாரும் அதைச் சமர்ப்பிக்கவில்லையே என்று அவர் சொன்னதாக மொழிபெயர்ப்பாளர் சொல்லியிருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் இங்கிருந்தே தெரியும் என்றாளாம். அவர் அவள் பேச்சைத் தட்டவில்லை, எழுந்து வந்து ஜன்னலைத் திறந்தார். அது எனக்குத் தெரியும், நான் பார்த்தேன். மழைக்கு நடுவே, சாலைக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார், பக்கத்தில் பூரணி. இந்தப் பக்கம் நானும் 214உம். அவர் என்னைக் கண்டு மரியாதையாகக் கையசைத்தார். நானும் அசைத்தேன். பிறகு ஜன்னலைச் சாத்திவிட்டு, போதிய அத்தாட்சி இல்லை என்று தீர்ப்பு எழுதினார். வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு, சொன்னபடி, கண்காட்சியை முடித்தோம். சாலையைக் கடந்து மாடிப்படி வரை நடந்து பார்த்தேன். நாற்பத்தெட்டு காலடி.

மறுக்கப்பட்டவர்கள் எல்லோரும் ஊரைவிட்டுப் போகவில்லை. பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் அதே லயத்தில் கிடந்தார்கள். அழகுமுத்து மட்டும் தாங்க மாட்டாமல், திருச்சிப் பக்கம் ஒரு பங்காளி இருக்கிறான் என்று கிளம்பிவிட்டான். பூரணி அந்த ஊரைக் கண்ணால் கண்டதில்லை. தலைமன்னார் கப்பலுக்குப் போக அவர்கள் ஹட்டனில் ரயிலேறிய அன்று நானும் ஸ்டேஷனுக்குப் போனேன். பிரஜாவுரிமை மறுத்து வந்த கடிதம் அவர்களிடம் இருந்தது. அது இல்லாமல் 214 பாதியில் நின்றுபோன கதை மாதிரி இருக்கும். கேட்டேன்.

அழகுமுத்து டிரங்குப் பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தான்.

"இந்தாங்க. இதையும் வச்சுப் பூட்டிக்கங்க. எங்க பேரு எங்கயாச்சும் இருந்துட்டுப் போவட்டும்."

ரசீது எழுதி நீட்டினேன். அவன் வாங்கவில்லை. ரயில் நகரும் சமயத்தில் பூரணி ஜன்னலுக்கு வந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"இந்த வருசம் மழ சாஸ்திங்களே ஐயா" என்றாள். "அங்கிட்டு ஒழுகலையே? அது நனையலையே?"

இல்லையம்மா, பத்திரமாக இருக்கிறது என்றேன். தலையை ஆட்டிக்கொண்டாள். அத்தனை பேரில் அந்தத் தொகுப்பின் அருமையைப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான். கடிதத்துக்கு 460 என்று இலக்கமிட்டேன். மற்ற நாற்பது குடும்பங்களின் மறுப்புக் கடிதங்களையும் தோட்டம் தோட்டமாக அலைந்து வாங்கிச் சேர்த்தேன். 500 என்ற முழு இலக்கத்தில் வந்து முடிந்தது.

பன்னிரண்டு வருடத்தில் முறையான வாசகர் அட்டையோடு அந்தத் தொகுப்பைப் பார்க்க வந்தவர் ஒரே ஒரு ஆள். போன மாதம் வந்த ஆராய்ச்சி மாணவி. 214ஐப் படித்தார், 459ஐப் படித்தார், பிறகு 460. பத்திரம் இல்லாததால் மறுப்பு என்ற வரியில் விரலை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார். கண்ணீர் காகிதத்தில் படுமே என்று பதறிப்போய்க் கைக்குட்டையைக் கொடுத்தேன். அதையும் உங்களிடம் புகாரில் எழுதியிருக்கிறார்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். விதி என்னுடையது. மீராசாஹிப்பிடம் படிவத்தைச் சீட்டு என்று சொன்னது நான். நூலகரின் குறிப்பை மறைத்தது நான். நாற்பத்தொரு குடும்பத்துக்கு நாடில்லாமல் போனதற்கு நான்தான் காரணம் என்றால் மறுக்க மாட்டேன். அதே சமயம், நானூற்றுப் பதினேழு பத்திரத்தில் ஒன்றுக்குக்கூட ஓரம் மடங்கவில்லை என்பதையும் கீழே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் கேட்டது நியாயமான கேள்விதான். எங்கள் அப்பாவும் மீராசாஹிப்பிடம் ஒரு முடிச்சுக் கொடுத்துவைத்திருந்தார். பெட்டி கைக்கு வந்த அன்றே, இலக்கமிடுவதற்கு முன்னால், அதை வெளியே எடுத்துவிட்டேன். ஐம்பத்து நான்கில் எனக்கு விசாரணை வந்தது, பத்து நிமிடத்தில் முடிந்தது, பிரஜாவுரிமை கிடைத்தது. இல்லை ஐயா, அதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. அது ஆவணம் இல்லையே. அது என்னுடைய பிறப்புப் பத்திரம்.